ஜெராக்ஸ் கடைக்காரி கையால் எழுதிய அதிகாரங்கள்

ஏற்காட்டில் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் சாலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், லேமினேஷன் போடும் சூட்டுப் பெட்டி ஒன்று, நான். ஒரு தாளைக் கொடுத்தால் மூச்சு விட்டு மூச்சு வாங்குவதற்குள் அதே மாதிரி இன்னொரு தாள் வரும். ஒற்று விடாது, கொம்பு விடாது. மூலத்தில் காபிக் கறை இருந்தால் அந்தக் கறையும் வரும். இந்த வேலையிலேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்ட ஒருத்தியைக் கூப்பிட்டு, வேதாகமம் முழுவதையும் சபையார் கையால் எழுதப்போகிறோம் என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்?

நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆராதனை முடிந்து போதகர் அந்த அறிவிப்பைச் செய்தபோது, நான் எழுந்து நின்று, "ஐயா, எங்கிட்டக் குடுத்தீங்கன்னா ரெண்டே நாள்ல முடிச்சுக் குடுத்துருவனுங்க" என்றேன்.

சபை சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை. "அப்படின்னா உங்க மெஷினையும் சபை ரெஜிஸ்டர்ல சேர்க்க வேண்டியிருக்கும்மா. அதுக்கு ஞானஸ்நானம் யார் குடுக்கறது?" என்றார். சபை இன்னும் அதிகமாகச் சிரித்தது. நான் உட்கார்ந்துகொண்டேன்.

யார் எதை எழுதுவது என்று சீட்டுப் போட்டார்கள். காணிக்கைத் தட்டில் சுருட்டிய சீட்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்றவருக்குப் பெருவெள்ளமும் பேழையும் வந்தன. பின்னால் நின்ற அம்மாவுக்கு, மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்த தீர்க்கதரிசி வந்தார். என் கணவருக்குப் பன்னிரண்டு சங்கீதங்கள். எனக்கு வந்த சீட்டைப் பிரித்தேன். ஒன்பது அதிகாரம், ஒன்பதும் பெயர்ப் பட்டியல். இன்னார் இன்னாரைப் பெற்றார், அவருடைய குமாரர் இன்னார், இன்னார், இன்னார். வெள்ளமும் இல்லை, மீனும் இல்லை. சீட்டை மறுபடி சுருட்டித் தட்டில் போடலாமா என்று பார்த்தேன். போதகர் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதுவதற்கு விதிமுறைகள் இருந்தன. கெட்டியான வெள்ளைத் தாள், ஒரு பக்கம் மட்டும், கறுப்பு மை. வெள்ளை மை போட்டு அழிக்கக் கூடாது. பிழை வந்தால் அந்தத் தாளே போயிற்று, முதலிலிருந்து எழுத வேண்டும். சரிபார்ப்பவர் எங்கள் சபையிலேயே இருக்கும் ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். எனக்கு ஆறாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். அப்போது என் நோட்டில் அவர் போட்ட சிவப்பு வட்டங்களை எண்ணினால் ஒரு பெரிய சட்டியில் குலாப் ஜாமூன் நிரம்பும். இப்போதும் அதே சிவப்புப் பேனாவோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

டீ குடிக்கும் நேரத்தில் போதகர் பழைய காலத்து எழுத்தர்களைப் பற்றிச் சொன்னார். அவருக்கு அது பிடித்த விஷயம். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, அதில் எழுதி, எழுதி முடித்ததும் எழுத்துகளை எண்ணிப் பார்ப்பார்களாம். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் ஏற்கமாட்டார்களாம். தவறாக விழுந்த எழுத்தை அடிக்காமல், அதன் தலைமேல் புள்ளி வைப்பார்களாம். கிழிந்துபோன சுருளைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதைப்பார்களாம். கடவுளின் பெயரை எழுதுவதற்கு முன் சிலர் குளிப்பார்கள் என்றும் சொல்வதுண்டு என்றார்.

இந்தக் கடைசித் தகவலை என் கணவர் கேட்டிருக்க வேண்டாம்.

அவர் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் யார் வந்தார்கள், எந்தக் காட்டில் என்ன வேலை என்று எழுதுவதுதான் அவர் தொழில். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை மதியம், மேஜையைத் துடைத்து, தாளை விரித்து, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சமையலறையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்றாம் முறை கேட்டபோது போய்ப் பார்த்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் நீர் சொட்ட, தாளின்மேல் சொட்டாமல் இருப்பதற்காகக் கையை நீட்டி எட்ட நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"அடுத்த வரியிலயும் கர்த்தர்னு வருது புள்ள."

"வந்தா?"

"குளிக்கணுமில்ல."

அந்தச் சங்கீதத்தை எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட வரிக்கு ஒரு முறை அந்தப் பெயர் வந்தது. சில வரிகளில் இரண்டு. வெளியே மழை, தண்ணீர் சுட வைக்கக் கரண்ட் இல்லை, அவருக்கு ஏற்கெனவே பல் தந்தியடித்தது. ஐந்தாவது வரியில் தும்மல் வந்தது. ஏழாவது வரியில் போர்வைக்குள் போய்விட்டார்.

நான் டீச்சருக்குப் போன் போட்டேன். அவர் நிதானமாகக் கேட்டார். "எத்தன தரம் குளிச்சாரு?"

"ஆறு தரம்ங்க டீச்சர்."

"கை கழுவுனாப் போதும்னு சொல்லு கண்ணு. அவரு ஒண்ணும் பாலைவனச் சூட்டுல உக்காந்து எழுதல."

கணவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விதியை மாற்றுவது அவருக்குப் பிடிக்காது. இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தபடி யோசித்து, ஒரு வழி கண்டுபிடித்தார். கடவுளின் பெயர் வரும் இடங்களை எல்லாம் காலியாக விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டே போவது. பன்னிரண்டு சங்கீதமும் முடிந்ததும் ஒரே ஒரு முறை நன்றாகக் குளித்துவிட்டு, எல்லாக் காலி இடங்களையும் ஒரே மூச்சில் நிரப்புவது.

அப்படியே செய்தார். ஆனால் காலி இடங்களின் அளவு ஒன்றுபோல அமையவில்லை. சில இடங்களில் அந்தப் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி நெருங்கிக் கிடந்தது. சில இடங்களில் இடம் நிறைய இருந்ததால், சுவரொட்டி மாதிரி விரிந்து நின்றது. ஒரு இடத்தில் காலியை நிரப்பவே மறந்துவிட்டார். அதை டீச்சர் கண்டுபிடித்து, குளிக்கச் சொல்லி அனுப்பினார்.

போதகருக்கு மட்டும் தாளைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தது. "பழைய சுருள்கள்லயும் இப்படிக் கடவுள் பேருக்கு மட்டும் இடம் விட்டு எழுதியிருக்காங்க. ஒருத்தர் இடம் விட்டுட்டுப் போவார், இன்னொருத்தர் வந்து நிரப்புவார். உங்களுக்கு இது யார் சொன்னாங்க?" என்று கேட்டார்.

"காய்ச்சல் சொல்லுச்சுங்க ஐயா," என்றார் என் கணவர்.

நான் என் ஒன்பது அதிகாரத்தைக் கடையில் உட்கார்ந்து எழுதினேன். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. முதலில் ஒரு நீள நோட்டில் ரஃப் எழுதி, தாளில் எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்துவிட்டு, பிறகு நல்ல தாளில் எழுதுவேன். முதல் ஐந்து தாளை முடித்ததும் பெருமையாகத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் அச்சுப் பிரதியில் ஒரு விரல், என் தாளில் ஒரு விரல் என்று வைத்துக்கொண்டு நகர்ந்தார். மூன்றாவது தாளில் இரண்டு விரலும் நின்றன.

"கண்ணு, இங்க மூணு தலைமுறையக் காணோமே."

"எங்கீங்க டீச்சர்?"

"இந்த வரி முடியுதில்ல, அதே மாதிரிதான் நாலு வரி தள்ளி இன்னொரு வரியும் முடியுது. இத எழுதிட்டுத் தல நிமிந்திருக்கற. மறுபடி குனியும்போது அந்த வரிக்குத் தாவிட்ட. நடுவுல இருந்த அப்பன், மகன், பேரன் மூணு பேரும் போயிட்டாங்க."

நான் பார்த்தேன். உண்மைதான். ஒரு மனிதருக்கு நான் அவருடைய கொள்ளுப்பேரனின் மகனையே மகனாக ஆக்கியிருந்தேன். டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இத எழுத ஆரம்பிச்ச நாள்ல இருந்தே கண்ணு தாவிக்கிட்டேதான் இருக்குது. எந்த நாட்டுச் சுவடியில பாத்தாலும் இந்தத் தப்பு இருக்குமாம். போதகருகிட்டக் கேட்டுப் பாரு. போயி அவங்க மூணு பேரையும் கூட்டிட்டு வா," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ஸ்கேல் வைத்துக்கொண்டு வரி வரியாக இறக்கினேன். கண் தாவவில்லை. ஆனால் காதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏதோ ஒரு அரசாங்கத் திட்டத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று ஒரு நாள் தலைச்சோலையிலிருந்தும் கிளியூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே தேவை. "ஏனுங்க, ஆதாரு ரெண்டு காப்பி." "அம்மிணி, ஆதாரு, ரெண்டு பக்கமும் வரணும்." "ஆதாரு பெருசாப் போட்டுக் குடுங்க, கண்ணு தெரியல." ஒவ்வொரு முறையும் எழுந்து மெஷினை அழுத்திவிட்டு, வந்து உட்கார்ந்து இரண்டு பெயர் எழுதுவேன். மறுபடி ஒருவர் வருவார். அன்று சாயங்காலம் கூட்டம் அடங்கியபின் எழுதிய தாளை வாசித்துப் பார்த்தேன். ஒரு மனிதருடைய பிள்ளைகளின் வரிசையில் முதல் பிள்ளையாக, நல்ல தெளிவான கையெழுத்தில், 'ஆதார்' என்று இருந்தது.

பரிசுத்த வேதாகமத்தில் அடையாள அட்டையைச் சேர்த்துவிட்டேன். தாளின் கடைசி வரியில் வேறு இருந்தேன். இவ்வளவையும் மறுபடி எழுத வேண்டுமே என்று நினைத்தபோது போதகர் சொன்ன புள்ளி ஞாபகம் வந்தது. பழைய எழுத்தர்கள் செய்ததை நான் செய்தால் டீச்சர் ஒருவேளை ஏற்றுக்கொள்வார். அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தின் தலைமேலும் ஒரு புள்ளி வைத்தேன். ஏற்கெனவே ஒற்றெழுத்தாக இருந்த கடைசி எழுத்துக்கு இரண்டு புள்ளி வந்தது.

மறுநாள் தாளை நீட்டிவிட்டு, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கூட்டத்தைச் சொன்னேன், பஸ்களைச் சொன்னேன். டீச்சர் என்னைப் பேசவிட்டார். பிறகு அச்சுப் பிரதியைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்து, அந்த வரியைத் தேடினார்.

"கண்ணு," என்றார், "இவன் நெசமாவே இருக்கறான்."

"யாருங்க டீச்சர்?"

"ஆதாரு. மூத்த பையன். இங்க பாரு."

பார்த்தேன். அச்சில் அதே இடத்தில், அதே எழுத்துகளில், ஆதார் இருந்தார். நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். இல்லாத பிழையைத் திருத்தி, இருக்கிற மனிதரின் தலையில் புள்ளி வைத்துக் கொன்றிருக்கிறேன்.

"இப்ப என்னங்க பண்றது?"

"புள்ளிக்கு மேல புள்ளி வைக்க முடியாது. தாள மாத்து," என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

எப்படியோ கார்த்திகை பிறப்பதற்குள் ஒன்பது அதிகாரமும் முடிந்தது. சபையில் பெரும்பாலானவர்களும் முடித்துவிட்டார்கள். தாள்கள் எல்லாம் சர்ச்சுக்குப் பக்கத்திலுள்ள ஹாலில் ஒரு அலமாரியில் இருந்தன. ஆனால் எங்கள் ஊர் மழைக்காலத்தில் அலமாரிக்குள் வைத்த செருப்பே பச்சையாகிவிடும். ஒரு வாரம் மேகம் இறங்கி ஊரை மூடியபடியே இருந்தது. அலமாரியைத் திறந்தபோது, தாள்கள் ஈரமாகி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. ஓரங்களில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது.

வெயில் வந்த முதல் நாளே ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, தாள்களைத் தொங்கவிட்டோம். டீச்சர் மேற்பார்வை. என் கணவரும் போதகரும் நாற்காலி போட்டு ஏறி மாட்டினார்கள். சர்ச்சில் பெருக்கிச் சுத்தம் செய்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். நாகலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய குடும்பத்தில் எல்லோரும் எஸ்டேட் வேலை. மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஹாலில் எந்த நாற்காலியின் கால் ஆடும் என்பது சபையில் யாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். காற்று வரட்டும் என்று ஜன்னல்களைத் திறந்தது நான். திறக்க வேண்டாம் என்று சொன்னது அவர்.

குரங்கு உள்ளே வந்ததை யாரும் பார்க்கவில்லை. டப் என்று கிளிப் தெறிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பியபோது, அது ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தது. கையில் இரண்டு தாள்கள். என் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

அக்கா விளக்குமாற்றை ஓங்கினார். அது வெளியே தாவி சில்வர் ஓக் மரத்தில் ஏறிவிட்டது. நாங்கள் எல்லோரும் மரத்தடிக்கு ஓடினோம். என் கணவர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். குரங்கு இறங்கி வந்தது, பாக்கெட்டை வாங்கிக்கொண்டது, தாள்களோடு மறுபடி ஏறிக்கொண்டது. டீச்சர் தன் வகுப்பறைக் குரலில் ஒரு முறை, "கீழ வை," என்றார். குரங்கு ஒரு நொடி தயங்கியதை நான் பார்த்தேன். என் கணவரும் பார்த்தார். பிறகு அது ஒரு தாளை முகர்ந்து, ஓரத்தைக் கடித்து, பிடிக்காமல் கீழே விட்டது. அது சேற்றில் விழுந்தது. இன்னொன்றை இடுக்கிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டது.

போதகர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். "பழைய பிரதிகள் அழிஞ்சதுக்குத் தீ, வெள்ளம், எலி, படையெடுப்புன்னு எழுதியிருக்காங்க. குரங்குன்னு நான் இதுவரைக்கும் படிச்சதில்லை," என்றார். அவர் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்ததாகவே எனக்குப் பட்டது.

போன இரண்டு தாளையும் திரும்ப எழுத வேண்டும். எனக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. தாளைப் பார்த்தாலே அழுகை வந்தது. கணவர், "நான் எழுதறேன், நீ உடு," என்றார். அச்சுப் பிரதியைப் பார்த்து எழுதினால், தாள் ஆரம்பிக்கும் இடமும் முடியும் இடமும் மாறிவிடும். முன்னும் பின்னும் உள்ள தாள்களோடு பொருந்தாது. அதனால் என் ரஃப் நோட்டைப் பார்த்து, வரிக்கு வரி அப்படியே எழுதுவது என்று முடிவானது. அவர் இரண்டு தாளையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்தார். இந்த முறை குளிக்க வேண்டிய இடம் ஒன்றும் வரவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கடைசிச் சரிபார்ப்பு ஹாலில் நடந்தது. எழுதிய தாளைப் போதகர் உரக்க வாசிப்பார். டீச்சர் அச்சுப் பிரதியில் விரல் வைத்துத் தொடர்வார். ஒரு எழுத்து மாறினாலும் நிறுத்துவார். பெயர்ப் பட்டியல் ஆனாலும் போதகர் ஆராதனையில் வாசிப்பதுபோலவே வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு இடைவெளி, ஒரு கனம். நானும் கணவரும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். இன்னாருடைய குமாரர் இன்னார், இன்னார் என்று போய்க்கொண்டிருந்த குரல் அதே ஏற்ற இறக்கத்தில், "பால் வாங்கணும்," என்றது.

டீச்சரின் விரல் நின்றது. "மறுபடி படிங்க ஐயா."

போதகர் மறுபடி வாசித்தார். அதே இடம், அதே கனம். "பால் வாங்கணும்."

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அச்சுப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் தேடினார். "பால்வாங்கனூமா? அப்படி ஒருத்தரு இங்க இல்லீங்களே. அவருக்கு முன்னால யாரு, பின்னால யாரு?"

போதகர் முன்னால் உள்ளவரையும் பின்னால் உள்ளவரையும் சொன்னார். இருவரும் அச்சில் இருந்தார்கள். நடுவில் பால்வாங்கனூம் மட்டும் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ரஃப் நோட்டின் ஓரத்தில், ஏதோ ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் போகும்போது மறந்துவிடக் கூடாது என்று பென்சிலால் குறித்து வைத்தது. மெதுவாகக் கணவரின் பக்கம் குனிந்தேன்.

"ஏனுங்க, ஓரத்துல இருந்ததையா எழுதுனீங்க?"

"ஓரத்துல இருந்துச்சு. பக்கத்து வரியில சேத்துட்டேன்."

"அது நான் எனக்காக எழுதினதுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? எஸ்டேட்டுல மேனேஜர் நடுவுல எழுதறத யாரும் பாக்க மாட்டாங்க. ஓரத்துல எழுதறதுதான் முக்கியம்."

"அது பேரு மாதிரியா இருக்குது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மத்ததெல்லாம் உனக்குப் பேரு மாதிரியா இருக்குது?"

போதகருக்கு விஷயம் எட்டியபோது அவர் தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரால் முடியவில்லை. எனக்குத் தெரிந்து அந்த ஹாலில் போதகர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு முறைதான். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூச்சு வந்ததும், பழைய காலத்திலும் ஒருவர் ஓரத்தில் எழுதிய குறிப்பை அடுத்தவர் உள்ளே சேர்த்துவிடுவது நடந்திருக்கிறது என்றும், படித்தவர்கள் பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எது உள்ளே, எது ஓரம் என்று பிரிப்பார்கள் என்றும் சொன்னார். "நாம பிழைச்சோம். நமக்கு எழுதினவங்களே பக்கத்துல உக்காந்திருக்காங்க."

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அன்னைக்குப் பாலு வாங்கினயா இல்லியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஞாபகமில்லீங்க டீச்சர்."

"அப்ப எழுதி வச்சும் பிரயோசனமில்ல," என்றார்.

அந்தத் தாளை மூன்றாம் முறையாக நான்தான் எழுதினேன்.

சேலத்தில் பைண்டிங் செய்து கொண்டுவந்தார்கள். ஜீப்பிலிருந்து இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. புத்தாண்டு ஆராதனையில் பிரதிஷ்டை செய்து, கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்தார்கள். அன்றே சண்டை வந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது? பேழையை எழுதியவர், பார்க்க வருகிற பிள்ளைகளுக்குப் பேழைதான் பிடிக்கும் என்றார். மீனை எழுதிய அம்மாவும் அதையேதான் மீனுக்குச் சொன்னார். என் கணவர் வாயைத் திறக்காமல், யாரும் பார்க்காதபோது பெட்டியைத் திறந்து தன் சங்கீதத்துக்குப் புரட்டி வைத்துவிட்டு வந்தார். கடைசியில் போதகர் ஒரு முறையை வகுத்தார். வாரத்துக்கு ஒருவருடைய பக்கம். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் புரட்டுவார். அத்தோடு பெட்டிக்கு ஒரு பூட்டும் வந்தது.

என் வாரம் பங்குனியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெட்டியைச் சுற்றி வழக்கமான கூட்டம் நின்றது. குனிந்து பார்த்தார்கள். பக்கம் முழுக்கப் பெயர்கள். "நொம்ப அழகா எழுதியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். மீன் வாரத்தில் செல்ஃபி எடுத்த பிள்ளைகள் யாரும் அன்று போனை எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நானே போய்ப் பார்த்தேன். சர்ச்சில் யாரும் இல்லை. பெருக்குகிற அக்கா மட்டும் வேலை முடித்து, பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தில் முகத்தை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது என்னுங்க, எல்லாம் பேரா இருக்குது? ஓட்டர் லிஸ்டுங்களா?"

"அப்படித்தானுங்கக்கா. நொம்பப் பழைய லிஸ்டு."

அவர் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். விரலைக் கண்ணாடிமேல் வைத்து முதல் பெயரை வாசித்தார். தடுக்கியது. நான் சொல்லிக்கொடுக்கப் போனேன், எனக்கும் தடுக்கியது. மூன்று முறை எழுதிய பெயர்தான், ஒரு முறையும் வாய் திறந்து சொன்னதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உருட்டி ஒருவழியாகச் சொன்னோம். அடுத்ததற்குப் போனோம்.

"இவங்கெல்லாம் எந்த ஊருங்க?"

"தூரத்து ஊருங்கக்கா. ஆடு மாடு மேச்சவங்க, வெவசாயம் பண்ணவங்க, கோயில்ல பாட்டுப் பாடுனவங்க. வாசல் காவல் இருந்தவங்க பேருகூட இருக்குது."

"காவக்காரன் பேரையுமா எழுதி வச்சிருக்காங்க?"

"எழுதியிருக்காங்க. இன்னும் ரெண்டு தாளு தள்ளி."

"பெருக்கறவங்க பேரு இருக்குதுங்களா?"

தெரியவில்லை என்றேன். எழுதியவளுக்கே தெரியவில்லையா என்று அவர் என்னைப் பார்த்தார். போதகர் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கி வந்து பெட்டியைத் திறந்தேன். இருவரும் நின்றபடியே ஒவ்வொரு தாளாகத் தேடினோம். சமையல் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ரொட்டி சுட்டவர்கள் இருந்தார்கள். நாகலூர் பஸ் கீழே ஹாரன் அடித்தது. அக்கா துணியை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மிச்சத்த நீங்க பாத்து வையிங்க, நாளைக்கு வந்து கேக்கறனுங்க," என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.